ஒரு வருட ஆயுள் பெற்ற அஸர்

நிஷ்மியாவைப் போலப் பயப்படத் தெரிந்த ஆள் நக்கிள்ஸ் மலைக்கு இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. அவள் பயந்த அந்த ஒரு நாளில் மாத்தளை மாவட்டம் முழுக்க ஒரு கோழிகூட முட்டையிடவில்லை. சரி, மாவட்டம் என்றது கொஞ்சம் கூடிப்போயிற்று. அவளுடைய மாமியார் வீட்டுக் கோழிகள் மூன்றும் இடவில்லை. அதிலும் ஒன்று சேவல். ஆனால் பயம் மட்டும் சொல்கிற அளவுக்கே இருந்தது, ஒரு பிடி குறையாது.

அந்தப் பயம் நேற்று முளைத்ததும் அல்ல. நிஷ்மியா நாலந்தாவில் பெரிய வீதியோரம் பிறந்தவள். தம்புள்ளைக்குப் போகிற மரக்கறி லொறிகள் வாசலை உரசிக்கொண்டு ஓடும். சுவர் அதிர, தொட்டில் அதிர, உள்ளே கிடந்த பிள்ளையும் அதிர்ந்தே வளர்ந்தது என்று அவள் உம்மா சொல்வார். வீதியைக் கடக்குமுன் இரண்டு பக்கமும் பார்க்கச் சொன்னால், இவள் இரண்டு பக்கமும் பார்த்து, பிறகு வானத்தையும் பார்ப்பாள். அதற்குள் பள்ளிக்கூட பஸ் போய்விடும்.

கம்பியூட்டர் படித்தபோது அந்தப் பயத்துக்கே சம்பளம் கிடைத்தது. கண்டியில் ஒரு சிறிய நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடி இணையத்தளங்கள் செய்துகொடுத்தாள். மற்றவர்கள் எழுதியதை ஏற்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். இவள் ஏற்றிவிட்டு, தன் போனில் பார்த்து, கணவனுடைய போனில் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரியின் போனையும் கேட்டு வாங்கிப் பார்ப்பாள். கணவன் நப்லானுக்குத் தம்புள்ளைப் பொருளாதார நிலையத்தில், அந்தப் பெரிய மரக்கறிச் சந்தையில், கடை; வாரத்தில் பாதி நாள் அங்கேதான். மாத்தளைக்குச் சற்று வெளியே, மலையடிவாரத்து ஊர் ஒன்றில் அவளும் மாமியார் நூருன்னிஸாவும் இருந்தார்கள். நூருன்னிஸா மருமகளுக்கு நேர்மாறு. குசினிக்குள் பாம்பு வந்தால் விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, “போய்ட்டு வா மகன்” என்று வழியனுப்புகிற ரகம்.

அந்த ஊரில் ஜனாஸாச் சங்கம் ஒன்று இருக்கிறது. யாராவது மௌத்தானால், அதாவது இறந்துபோனால், உடலைப் போர்த்துகிற கபன் துணி, கபுர்க் குழி வெட்டுவது, தோளில் தூக்குகிற சந்தூக்குப் பெட்டி எடுப்பது எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொள்ளும். அதன் செயலாளர் லாபிர் பலசரக்குக் கடைக்காரர். அவர் கேட்டுக்கொண்டபடி நிஷ்மியா சங்கத்துக்கு ஓர் இணையத்தளம் செய்துகொடுத்தாள், கூலியில்லாமல். ஒரு மௌத்துக்கு ஒரு பக்கம். காலமானவர் இன்னாருடைய மகள், இன்னாருடைய மனைவி, இன்னின்னாருடைய உம்மா, எந்த ஒழுங்கையில் வீடு, எந்த மையவாடியில் அடக்கம், எந்தத் தொழுகைக்குப் பிறகு. முஸ்லிம்கள் ஜனாஸாவைக் காக்க வைப்பதில்லை. காலையில் போன உயிருக்கு மாலைக்குள் அடக்கம். தூரத்தில் இருப்பவனுக்கு அந்த ஒரு வரி, எந்தத் தொழுகைக்குப் பிறகு என்கிற வரி, உயிரைப்போல.

தளம் தொடங்கிய முதல் வருடத்திலேயே நிஷ்மியாவை இரண்டு பயங்கள் பிடித்தன.

முதலாவது, நகரத்தில் பெயர்பெற்ற ஒரு முதலாளி காலமான அன்று வந்தது. ஊரும் கொழும்பும் வளைகுடாவும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கத்தைத் தட்ட, மலிவாகப் பிடித்திருந்த சேர்வர் மூச்சடைத்து விழுந்தது. லாபிரின் கடைக்கு வந்து திட்டியவர்கள் சாமான் வாங்காமல் போனார்கள். அன்றைக்கு நிஷ்மியா சோறு தின்னவில்லை. பிறகுதான் சேர்வருக்கும் சனங்களுக்கும் நடுவில் இன்னொரு சேர்வரை நிறுத்தினாள். ஒரு பக்கத்தை முதலாவதாகக் கேட்பவருக்காக அது உள்ளே போய் எடுத்துவரும். எடுத்ததில் ஒரு பிரதியைத் தானும் வைத்துக்கொண்டு, அடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் பிரதியையே நீட்டும். பார்க்கிறவருடைய போனும் தன் பங்குக்கு ஒரு பிரதியை வைத்துக்கொள்ளும். மறுபடி அதே முகவரியைத் தட்டினால் யாரையும் கேட்காமல் மடியிலிருந்தே எடுத்துக் காட்டும். இப்படிப் பிரதி வைத்துக்கொள்வதற்குக் கேஷ் என்று பெயர்.

இதில் இரண்டு விஷயங்களை எழுதுகிறவள் தீர்மானிக்க வேண்டும். பிரதியை எந்த அடையாளத்தின் கீழ் வைப்பது என்பது ஒன்று. அந்த அடையாளத்தைக் கீ என்பார்கள். பிரதிக்கு எவ்வளவு ஆயுள் கொடுப்பது என்பது மற்றது.

கீயைப் பொறுத்தவரை முகவரியே போதும் என்று வைத்தாள். ஆனால் பேஸ்புக்கில் யாராவது பகிர்ந்தால், முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் முழ நீளத்துக்கு ஒரு வாலும் ஒட்டிக்கொள்ளும். ஆளுக்கொரு வால். வாலையும் கீயில் சேர்த்தால் ஒரு மௌத்துக்கு ஆயிரம் பிரதி, சேர்வர் மறுபடி விழும். ஆகவே, கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாதே என்று நடுச் சேர்வருக்குச் சொல்லிவைத்தாள்.

ஆயுளைப் பொறுத்தவரை அவள் யோசித்தது இது: மௌத்தானவரின் பெயர் மாறாது. வாப்பா பெயர் மாறாது. பிறந்த ஊர் மாறாது. நேரம்? பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஒருமுறை சொன்ன அடக்க நேரத்தை அந்த ஊர் மாற்றியதில்லை. மாற்றுவது மையித்தாகக் கிடப்பவருக்கு மரியாதை இல்லை என்று பெரியவர்கள் நினைப்பார்கள். ஆகவே ஒரு வருடம் என்று போட்டாள். ஆயுளை நொடிக் கணக்கில் எழுத வேண்டும். எழுதிவிட்டு மூன்று தடவை சரிபார்த்தாள். இலக்கம் சரியாகத்தான் இருந்தது.

இரண்டாவது பயத்தை மனிதர்கள் கொண்டுவந்தார்கள். ஒரு ஜனாஸாவுக்கு யாரோ ஒருவன் பிழையான நேரத்தை எழுதி, அடியில் ‘செயலாளர் லாபிர்’ என்றும் போட்டு வாட்ஸ்அப்பில் விட்டுவிட்டான். அது நூறு கை மாறியது. பாதிப் பேர் மையவாடிக்கு வந்தபோது கபுர் மூடியாயிற்று. லாபிர் கொதித்துப்போய் நிஷ்மியாவிடம் வந்தார். “மகள், பெரிசா எழுதிப் போடு. செவப்பில போடு.” அவளும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் போட்டாள்: ‘கைமாறி வரும் செய்திகளை நம்ப வேண்டாம், லாபிர் பெயரில் வந்தாலும். இந்தப் பக்கத்தில் உள்ள நேரமே முடிவானது.’ வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையிலும் அறிவித்தார்கள். ஊர் அதை மந்திரம்போல் பிடித்துக்கொண்டது.

இவ்வளவும் ஆன பிறகுதான் றுஸைனா உம்மா மௌத்தானார்.

கார்த்திகை மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை, சுபஹ் தொழுகைக்குப் பிறகு. நிஷ்மியா வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவர் வீடு. புதுப் பெண்ணாக வந்த காலத்தில் நிஷ்மியா வீதியைக் கடக்கத் தயங்கி நின்றால், ஒரு வார்த்தையும் பேசாமல் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போகிற மனுஷி. பிள்ளைகள் இரண்டு. மூத்தவர் முத்தலிப் ஊரில். இளையவர் யாகூப் சின்ன லொறி வைத்துத் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, வாங்கி விற்கிறவர். அன்றைக்கு அவர் பல்லேகமவில், மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார். மழையில்லாத நாளிலேயே மூன்று மணித்தியாலப் பாதை. அழைப்பு நிலைக்காத இடம். செய்திகள் மட்டும் மூச்சு வாங்கி மூச்சு வாங்கி வந்து சேரும்.

யாகூபிடமிருந்து அண்ணனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. முத்தலிப் அதை லாபிருக்குப் போட்டுக் காட்ட, லாபிர் அதை நிஷ்மியாவுக்கும் அனுப்பினார்.

“நானா, உம்மாட மொகத்தப் பாக்காம அடக்கிறாதீங்க. என்ன நேரம்னு பக்கத்தில போடச் சொல்லுங்க. நான் பாத்துட்டு அதுக்கேத்த மாதிரி வர்றேன்.”

அவருக்காகவே அஸர் என்று வைத்தார்கள். பிற்பகல் தொழுகை; தாராளமாக வந்து சேரலாம். நிஷ்மியா பக்கத்தை ஏற்றினாள்: அஸர் தொழுகைக்குப் பின். ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள்.

காலை ஏறியதும் மலை பேச ஆரம்பித்தது. மையவாடி சரிவில் இருக்கிறது. வெட்டிய கபுருக்குள் கீழேயிருந்து தண்ணீர் ஊறியது; முத்தலிப்பும் மற்றவர்களும் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். மேலே மண்ணில் ஒரு வெடிப்பு. கிராம சேவகர் குடையோடு வந்து பார்த்துவிட்டு, பகல் ஒரு மணிக்குப் பிறகு சரிவில் ஒருத்தரும் நிற்கக்கூடாது என்றார்.

நிஷ்மியாவின் போன் அடித்தது.

“மகள், நேரத்த மாத்தணும். ளுஹர்.” லாபிரின் குரலுக்குப் பின்னால் மழை இரைந்தது.

“மாத்துறதா? மாமா, நாம ஒருநாளும் மாத்தினதில்லையே.”

“மல நம்மளக் கேட்டா எறங்கும்? ளுஹர் தொழுத கையோட எடுக்கணும். போடு கெதியா.”

ளுஹர் என்றால் நண்பகல் தொழுகை. நிஷ்மியா மடிக்கணினியைத் திறந்து அஸரை அழித்து ளுஹர் என்று எழுதினாள். சேமித்தாள். அவளுடைய திரையில் ளுஹர் என்று வந்தது. “மாத்திட்டேன் மாமா” என்றாள்.

கட்டிலில் சாய்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் போனைத் தட்டிய நூருன்னிஸா கேட்டார்: “என்னத்தப் புள்ள மாத்தின? இங்க அஸர்னுதானே கெடக்கு.”

“மேலேருந்து கீழ இழுத்து விடுங்க மாமி. புதுசா வரும்.”

இழுத்தார். வட்டம் ஒன்று சுற்றியது. அஸர்.

“இன்னொருக்கா இழுங்க.”

“இதென்ன, பசுமாட்டு மடியா? இழுத்தாச்சு. அஸர்தான்.”

நிஷ்மியாவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் திரைக்கு ளுஹர் வந்தது, அவள் தளத்தின் பின்கதவால் நுழைந்து பார்த்ததால். முன்கதவில் நிற்பது நடுச் சேர்வர். அதன் கையில் காலைப் பிரதி. அதற்கு ஒரு வருட ஆயுள். இழுத்து விட்டுக் கேட்டாலும் அது, ‘மாறவில்லை, நீ வைத்திருப்பதே சரி’ என்று சொல்லும். இழுக்காதவர்களுக்கு அந்தக் கேள்வியும் கிடையாது. அவர்களுடைய போன் யாரையும் கேட்காமல் அஸரைக் காட்டும். இன்றைக்கு, நாளைக்கு, அடுத்த கார்த்திகை வரைக்கும்.

அப்போதே லாபிர் மறுபடி எடுத்தார்.

“என்ன மகள் இது? ளுஹர்னு நான் போட்ட மெசேஜ முத்தலிப் அப்படியே யாகூபுக்கு அனுப்பியிருக்கான். அவன்ட பதில வாசிக்கிறேன் கேளு.” தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “‘நானா, பக்கத்தில அஸர்தான் இருக்கு. இது போன முறை மாதிரி லாபிர் ஹாஜியார் பேருல யாரோ விட்ட கத. நம்பாதீங்க. நான் ஏத்தி முடிச்சிட்டு வர்றேன்.’ அவன் எனக்கே என்னப் பத்திப் புத்தி சொல்றான் மகள்!”

உண்மையான செய்தி அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை அவளுடைய பக்கம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டது.

பயந்தவள் வேகமாக ஒன்றைச் செய்தால் அது அனேகமாகப் பிழையாகத்தான் முடியும். புதிய முகவரி கொடுத்தால் யாகூபின் போன் புதிதாகக் கேட்டே ஆகவேண்டும் என்பது அவளுக்குத் தெரியும். தொழிலில் எல்லாரும் செய்கிற கைவைத்தியம் ஒன்று உண்டு. பழைய முகவரியின் பின்னால் ஒரு கேள்விக்குறியும் ஓர் இரண்டும் ஒட்டினாள். ‘நானா, இதத் தட்டிப் பாருங்க’ என்று எழுதி யாகூபுக்கு அனுப்பினாள். பார்க்காமல் அனுப்பினாள். நிஷ்மியா வாழ்க்கையில் பார்க்காமல் அனுப்பியது அது ஒன்றுதான்.

பதில் உடனேயே வந்தது. அந்த இடத்தில் அவ்வளவு வேகமாக ஒரு பதில் வந்ததே அதிசயம்.

‘பாத்தேன் தங்கச்சி. நீங்க அனுப்பினதிலயும் அஸர்தான். அல்ஹம்துலில்லாஹ். மனசு ஆறிச்சு. இனி தோட்டத்துக்குள்ள போறேன், போன் எடுக்காது.’

அவள் வாசித்தாள். கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதைக் கண்டுகொள்ளாதே என்று நடுச் சேர்வருக்குச் சொன்னது யார்? அது சொன்னபடி கேட்டது. வாலை வெட்டி எறிந்துவிட்டு, பழைய கீயில் பழைய பிரதியை எடுத்து நீட்டியது. யாகூபின் போன் அதையும் வாங்கி, இன்னொரு வருடத்துக்கு மடியில் வைத்துக்கொண்டது. தயங்கிக்கொண்டிருந்த மனிதனை அவளே கூப்பிட்டு, பொய்யில் உறுதிப்படுத்தி அனுப்பியிருக்கிறாள்.

‘இல்ல நானா பக்கம் பிழை ளுஹர்தான் இப்பவே வாங்க’ என்று எழுதினாள். ஒற்றைச் சரியடையாளம். இரண்டாவது விழவில்லை. அழைத்தாள். இலக்கம் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் சிங்களத்தில் அமைதியாகச் சொன்னாள். அந்த அமைதியைக் கேட்க நிஷ்மியாவுக்கு அழுகை வந்தது.

நடுச் சேர்வரிலிருந்த பிரதியைத் துடைத்தாள். “இப்ப இழுங்க மாமி!”

நூருன்னிஸா இழுத்தார். “ஆ, ளுஹர் வந்திருச்சு. அப்ப சரிதானே? ஏன் புள்ள அழுவுற?”

“இழுத்தா வரும் மாமி. இன்னும் பாக்காதவங்களுக்கும் சரியா வரும். காலையில பாத்துட்டு இனி இழுக்காம பாக்கிறவங்களுக்குத்தான் வராது.”

“காலையில யாரு பாத்திருப்பா?”

ஒரு மௌத்துச் செய்தியை முதலில் யார் திறப்பார்? மகன் திறப்பான். பேத்தி திறப்பாள். கொழும்பிலிருக்கிற தங்கச்சி திறப்பாள். அக்கறையில்லாதவர் மத்தியானம் சாவகாசமாகத் திறந்து சரியான நேரத்தைப் பார்ப்பார். உயிர் துடித்தவர்களின் கையில்தான் பிழையான நேரம்.

“அவன்ட போனுக்குள்ள இருக்கிறத இங்கேருந்து அழிக்க ஏலாதா?”

“ஏலாது.”

“நீதானே அனுப்பின?”

“அனுப்ப ஏலும் மாமி. திருப்பி எடுக்க ஏலாது.”

நூருன்னிஸா கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப போன விடு. மனுசன் கிட்டப் பேசு. அவன் தேசிக்கா யாருக்கிட்ட வாங்குறான்? உன்ட புருசன் தம்புள்ளையில என்ன, தேவாரமா படிக்கிறான்? கேளு அவன்கிட்ட!”

நப்லான் கடை இரைச்சலுக்குள்ளிருந்து கத்தினான். பல்லேகமத் தேசிக்காய் தம்புள்ளைக்கும் வருவதுதான். தோட்டக்காரர்களின் இலக்கங்கள் மூட்டை இறக்குகிற நாட்டாமைகளிடம் இருக்கும். “வை, வை, கேட்டு அனுப்புறேன்” என்றான். அவன் கேட்டு அனுப்ப எவ்வளவு நேரமாயிற்று என்று நிஷ்மியாவுக்குத் தெரியாது. பிறகு அவள் சொன்னது, அந்த நேரத்தில் அவளுடைய உள்ளங்கை ஈரத்தில் போன் இரண்டு தடவை வழுக்கி விழுந்தது என்பது மட்டும்தான்.

முதல் இலக்கம் எடுக்கவில்லை. இரண்டாவதில் ஒரு கிழவர். சிங்களத்தில் கேட்டாள்: “ஐயா, மாத்தளை யாகூப் இன்றைக்கு உங்கள் தோட்டத்திலா?” தன் தோட்டத்தில் இல்லை, மேல் தோட்டத்தில், ஓடைக்கு அந்தப் பக்கம் என்றார் கிழவர். யாகூபுடைய உம்மாவின் அடக்கம் என்று இவள் சொன்னதும் கிழவர் வேறொன்றும் கேட்கவில்லை. போனை வைக்காமலே நடக்கத் தொடங்கினார். செருப்பு சேற்றில் புதைந்து எழுகிற சத்தம், ஓடைத் தண்ணீரின் சத்தம், கிழவரின் இளைப்பு எல்லாம் நிஷ்மியாவின் காதுக்குள் நடந்தன. இடையில் தொடர்பு அறுந்தது. மறுபடி எடுத்தாள். மறுபடி அறுந்தது. மறுபடி எடுத்தாள்.

“தங்கச்சியா? என்ன?” யாகூபின் குரல்.

“நானா, அடக்கம் ளுஹருக்கு. மல வெடிச்சிருக்கு. இப்பவே பொறப்படுங்க.”

“யாரு சொன்னா? நான் இப்பகூடப் பக்கத்தப் பாத்தேனே. ஏன் எல்லாரும் இன்னிக்கி…”

“பக்கம் பொய் சொல்லுது நானா.”

“உங்கட பக்கமா? செவப்பில எழுதிக் கெடக்கே, இதுதான் முடிவுன்னு.”

மடிக்கணினி திறந்தபடி இருந்தது. அந்தச் சிவப்பு வரி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லிவிட்டால் இனி இந்த ஊரில் ஒருவரும் அந்தப் பக்கத்தை நம்பமாட்டார்கள். லாபிர் முகத்தில் விழிக்க முடியாது. கண்டியில் வேலை கொடுத்தவர்களுக்கும் கதை போகும். இருந்தும் சொன்னாள்.

“அத எழுதினது நான். பொய்யாக்கினதும் நான்தான். பழைய நேரத்துக்கு ஒரு வருசம் ஆயுள் குடுத்து உங்கட போனுக்குள்ள அனுப்பிட்டேன். இனி அது எந்தக் காலத்திலயும் அஸர்னுதான் சொல்லும். அதப் பாக்காதீங்க. என்ட கொரலக் கேளுங்க. உம்மாவக் குளிப்பாட்டியாச்சு. கபன் போட்டாச்சு. வாங்க நானா.”

கூடை ஒன்று கவிழ்ந்து தேசிக்காய்கள் உருளுகிற சத்தம் கேட்டது. பிறகு கிழவரின் குரல் வந்தது. “போய்விட்டான் மகளே. காயை விட்டுவிட்டுப் போய்விட்டான்.”

இனி காத்திருக்கிற பயம். அதில் கைகளுக்கு வேலை வேண்டும். நிஷ்மியா உட்கார்ந்து, முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தாள். போன்களில் வைக்கிற பிரதிக்கு இனி ஆயுளே இல்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டுவிட்டுத்தான் காட்ட வேண்டும். நடுச் சேர்வரின் பிரதிக்கு ஒரு நிமிட ஆயுள் போதும். எத்தனை ஆயிரம் பேர் தட்டினாலும் நிமிடத்துக்கு ஒரு தடவைதான் மூல சேர்வருக்குச் சுமை. நேரம் மாறினால் பக்கத்தின் முகவரியும் மாறும், வாலில் அல்ல, உடம்பிலேயே; அப்போது கீயும் மாறும், பழையது புதியதற்குக் குறுக்கே நிற்காது. தலையில் இருந்த சிவப்பு வரியை அழித்தாள். அந்த இடத்தில் பள்ளிவாசலின் தொலைபேசி இலக்கத்தை எழுதினாள். புதிய முகவரியை லாபிருக்கு அனுப்பி, ஊர்க் குழுக்களில் போடச் சொன்னாள். ‘பழைய லிங்க யாரும் தட்ட வேணாம், அது பிழை’ என்ற வரியைத் தன் பெயரிலேயே எழுதினாள்.

“இப்பிடி எழுதினா உன்னத்தானே மகள் ஏசுவாங்க?” என்றார் லாபிர்.

“ஏசட்டும் மாமா. யாகூப் நானா வர்றாரு. கொஞ்சம் இழுத்துப் பிடிங்க.”

“மல இழுத்துப் பிடிச்சா நானும் பிடிப்பேன்.”

பிறகு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மாமியாரோடு மையித்து வீட்டுக்குப் போனாள். பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் இவளைப் பார்ப்பது போலிருந்தது, பார்க்கவும் செய்தார்கள். “அஸர்னுதானே இருந்திச்சு?” என்று ஒருத்தி முணுமுணுக்க, நூருன்னிஸா அவள் பக்கம் திரும்பி, “இருந்திச்சு. இப்ப இல்ல. நீ ஓது” என்றார். ளுஹர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொன்னார்கள். கதவோரத்தில் நின்ற நிஷ்மியாவின் பார்வை வீதியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு லொறிச் சத்தத்துக்கும் அவளுடைய நெஞ்சு ஏறி இறங்கியது. நாலந்தாவில் தொட்டிலில் கிடந்தபோதும் அப்படி அதிர்ந்திருக்க மாட்டாள்.

யாகூபின் லொறி இலுக்கும்புற இறக்கத்தில் நாலு சில்லும் நிலத்தில் படாமல் வந்தது. றத்தோட்டை வளைவுகள் அதைப் பார்த்துத் தாமாகவே நிமிர்ந்துகொண்டன. லாபிர் வாசலில் நின்று, சந்தூக்கின் கால் சரியில்லை, துணி சரியில்லை என்று ஒவ்வொன்றாகக் குற்றம் கண்டுபிடித்து நேரத்தை இழுத்தார். கடைசியில் தோளில் தூக்கினார்கள். ஒரு அடி வைத்தார்கள். அந்த அடியில் லொறி வந்து ஒழுங்கைக்குள் நின்றது. இறக்கினார்கள். மூடியைத் திறந்தார்கள். யாகூப் குனிந்து உம்மாவின் முகத்தைப் பார்த்தார். மழையும் நின்றது.

“மழ நிக்கல்ல டீச்சர்.”

நான் எழுதிக்கொண்டுபோய் இவ்வளவையும் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்த நிஷ்மியாதான் சொன்னாள்.

“லொறி ஒழுங்கைக்கு வரல்ல. நேரா மையவாடிக்குத்தான் வந்திச்சு. பள்ளியில தொழுது முடிச்சு, கொண்டுபோய் கபுருக்குள்ள எறக்கிட்டாங்க. மையித்துக்கு மேல பலக போடப் போற நேரம் அவரு வந்தாரு. தண்ணி ஊறுது, மேல மண்ணு விழுது, எல்லாரும் கத்துறாங்க. அதுக்குள்ள எறங்கி உம்மாட கால் பக்கம் நின்னு பலக அடுக்கினாரு. மேலேறி மண்ணுப் போட்டாரு. மொகம் பாக்கல்ல டீச்சர். லாபிர் மாமாக்கிட்டக் கேளுங்க, அவரு பக்கத்திலதான் நின்னாரு. மொகம் பாக்கல்ல.”